இறங்கி வந்தாத்தான் இணைப்பு!

விஞ்ஞானம் குடும்பத்தைப் பிரிக்குதுன்னு எதிரணி நண்பர் கலங்கிட்டுப் போனார். எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

பையனோட பிளேஸ்டேஷன்-4 வைஃபையைப் பிடிக்கலை. "தூக்கிப் போடுடா!"ன்னேன். ரெண்டு நாள் பேசலைங்க அவன். மூணாம் நாள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 2013-இல் வந்த அந்த மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் தெரியும்; எங்க ரவுட்டரிலோ 5 மட்டும்தான் ஓடுது! 2.4-ஐப் போட்டுவிட்டோம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்த ரவுட்டரையும் வெளியே வச்சோம். பிடிச்சுக்கிச்சு! (கைதட்டல்)

அஞ்சு வேகமுங்க, ஆனா சுவர்ல தடுமாறும். 2.4 மெதுவாப் போனாலும் சுவரைத் தாண்டும். பெத்தவங்களும் கொஞ்சம் இறங்கி வந்தா, பையன் சாத்தின கதவையும் தாண்டலாமுங்க! (பலத்த கைதட்டல்)