காரும் கடனும்

ஊரைவிட்டு வெகுதூரம் வந்து வாழ்கிறவர்கள் மூன்று பொருள்களைப் பற்றிப் பேசும்போது சற்று மிகைபடவே பேசுவார்கள். ஒன்று, பிறந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர். மற்றொன்று, தாயின் கைச் சமையல். மூன்றாவது, தாம் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய வண்டி. முதல் இரண்டைப் பற்றி நாம் டில்லியில் சந்திக்கும்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம். மூன்றாவதைப் பற்றி இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளன். 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வங்கியில் ஐந்தாண்டுத் தவணைக்குக் கடன் பெற்று, வெள்ளை நிற மாருதி 800 கார் ஒன்றை வாங்கினேன். மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட சிறு எஞ்சின். கால் நீட்ட இடம் போதாது. செல்வர்களின் கார்களுக்கு நடுவே நின்றால், திருமண வீட்டில் ஓரமாக நிற்கும் ஏழை உறவினனைப் போல் அது காணப்படும். ஆயினும் அன்று எனக்கு அது இந்திர விமானமாகவே இருந்தது.

வண்டியை நேரே இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குக் கொண்டு சென்றேன். குருக்கள் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்தினார். நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மயூர் விஹாரில் உள்ள வீட்டிற்குத் திரும்பினேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் வாசலிலேயே நின்று, "மிட்டாய் எங்கே?" என்று உரிமையோடு கேட்டார். வாங்கி வைத்திருந்த லட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். அன்றிரவு இருமுறை எழுந்து, பால்கனியில் நின்று, கீழே தெருவிளக்கின் ஒளியில் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொந்தமாகக் கார் வாங்கிய ஒவ்வொருவரும் முதல் நாளிரவு இவ்வாறு எழுந்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

அடுத்த மாதம் என் தாயார் ஊரிலிருந்து வந்தார். அதற்கு முன்பெல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் காலை வேளைகளில், புது டில்லி நிலையத்தின் வாசலில் ஆட்டோக்காரர்களோடு வாதாடுவதே என் வழக்கம். அம்முறை தாயாரை முன் இருக்கையில் அமர்த்தினேன். முறுக்குத் தகரத்தையும் காப்பிப்பொடிப் பொட்டலத்தையும் பின்னால் வைக்கச் சொன்னால் கேளாமல், மடியிலேயே வைத்துக்கொண்டார். யமுனைப் பாலம் வந்த பிறகுதான் வாய் திறந்து, "நம்ம வண்டியாடா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அறுபது தவணைகளும் கட்டலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

இன்று கார் வாங்குவது பெரிய காரியமன்று. நம் முன்னோர் காலத்தில் அப்படியில்லை. உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், 1961-ஆம் ஆண்டு முதல் நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே அந்நாளில் இருந்தன. பணம் உள்ளவரும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அத்தனை காத்திருந்து பெற்ற பொருளை அவர்கள் குடும்பத்தில் ஒருவராகவே பேணியதில் வியப்பில்லை.

அக்காலத்துக் கார் ஒன்றை நீங்கள் டில்லியிலேயே காணலாம். மோதிலால் நேரு பிளேசில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி நினைவில்லத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். வெளிர்நிறப் பியட் ஒன்று அங்கே நிற்கிறது. டி.எல்.இ. 6 என்பது அதன் எண். சாஸ்திரி 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரதமரானார். நாட்டின் பிரதமராக இருந்தும் அவருக்குச் சொந்தக் கார் இல்லை. குடும்பத்தார் விரும்பிக் கேட்டபோது, காரின் விலை 12,000 ரூபாய் என்றும், தம் கையிருப்பு 7,000 ரூபாய் என்றும் தெரிந்தது. குறைந்த 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றே அதை வாங்கினார். 1966 ஜனவரி 11-ஆம் நாள் தாஷ்கண்டில் அவர் காலமானபோது அக்கடன் அடைபடவில்லை. துணைவியார் லலிதா சாஸ்திரி தமக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து அதைச் சிறுகச் சிறுக அடைத்தார். இவற்றையெல்லாம் அவர்தம் புதல்வர்களே பின்னாளில் சொல்லியிருக்கின்றனர்.

அந்தக் காரின் முன் நான் வெகுநேரம் நின்றிருந்தேன். அதைவிட அழகிய கார்கள் இந்நகரில் எத்தனையோ உண்டு. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ஆம் ஆண்டில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பில், மன்னர்களின் பளபளக்கும் வண்டிகள் ஊர்வலம் வந்ததுண்டு. அவற்றைக் கண்டு கண் குளிர்ந்தது. இந்தப் பியட்டைக் கண்டபோதோ, கார் உடைமையில் வரும் பெருமை எங்கே பிறக்கிறது என்று நெஞ்சம் எண்ணத் தொடங்கிற்று.

என் காரின் இனத்திற்கும் டில்லியில் ஒரு கதை உண்டு. 1983 டிசம்பர் 14-ஆம் நாள், குர்காவ் ஆலையின் முதல் மாருதி 800 காரின் சாவியை, பிரதமர் இந்திரா காந்தி டில்லிவாசியான ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அவர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அன்று அதன் விலை 47,500 ரூபாய். அதற்குப் பின் எத்தனையோ புது வகைகள் வந்தும், அவர் வண்டியை மாற்றவில்லை. 2010-ஆம் ஆண்டு மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள், அதையே வைத்திருந்தார். பின்னர் அது புதுப்பிக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் தலைமையகத்தில் காட்சிப் பொருளாயிற்று. அந்த வகைக் கார்கள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் உருவாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது.

என் வண்டியும் உண்மையாகவே உழைத்தது. பள்ளிக்கும், காய்கறிச் சந்தைக்கும், தமிழ்ச் சங்கத்து நிகழ்ச்சிகளுக்கும் அது சென்றது. மூடுபனி நிறைந்த ஒரு ஜனவரி இரவில், நெஞ்சுவலி கண்ட எதிர்வீட்டுப் பெரியவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுதான். 2016 ஜனவரியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கொண்ட கார்கள் மாற்றி மாற்றியே ஓடவேண்டும் என்று பதினைந்து நாள் விதி வந்தபோது, ஓடாத நாள்களில் அதைத் துடைத்து வைப்பதற்காகவே கீழே இறங்கிச் செல்வேன்.

ஆனால் வண்டிக்கும் முதுமை உண்டு. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், காலையில் எஞ்சினை இயக்கும்போதெல்லாம் பின்புறம் நீலநிறப் புகை எழுந்தது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எண்ணெய் உள்ளே கசிந்து எரிகிறது என்றார் மெக்கானிக். பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். டில்லியின் நவம்பர் மாதக் காற்று எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் காலை, வண்டியைக் கிளப்பியபின் தற்செயலாக மேலே பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் இருமியவாறே எழுந்து வந்து, ஜன்னலைச் சாத்தினார். என்னைப் பார்த்தும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் ஏதேனும் சமாதானம் கூறித் தப்பியிருப்பேன். எவரை அந்த வண்டி ஓரிரவு காப்பாற்றிற்றோ, அவருடைய மூச்சையே இன்று அது அடைக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

சட்டமும் நெருங்கி வந்துகொண்டிருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் டில்லியில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. டீசல் வண்டிகளுக்குப் பத்தாண்டே எல்லை என்று 2015-இல் கூறியது. இவ்வெல்லைகளை உச்ச நீதிமன்றமும் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. முதிர்ந்த வண்டிகளுக்கு எரிபொருள் தரலாகாது என்று 2025 ஜூலை முதல் நாள் தொடங்கிய ஏற்பாடு, சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கும் மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. பழைய கார் வைத்திருப்போர் அவ்வப்போதைய விதியைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. ஐம்பதாண்டு கடந்த கார்களைப் பழம்பெருமைக்குரியன என்று தனிவரிசை எண்ணில் பதிவு செய்ய 2021-இல் விதி ஏற்பட்டது. என் காருக்கோ அந்தப் பேறு கிட்ட இன்னும் பற்பல ஆண்டுகள் வேண்டும்!

2024 மார்ச்சுக்கு முன் நான் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம். அல்லது தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்திற்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில், சோதனையில் தேறினால், பசுமை வரி செலுத்தி மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். தஞ்சை மாவட்டத்தில் இருக்கும் என் தம்பி, "அனுப்பிவிடு அண்ணா, நான் வைத்துக்கொள்கிறேன்" என்றான். மனம் உடனே இசைந்தது. அன்றிரவு அந்தச் சாத்திய ஜன்னல் நினைவுக்கு வந்தது. டில்லிக்கு ஆகாத புகை, என் தாயார் உட்காரும் திண்ணைக்கு ஆகுமா?

சொற்களோடு பழகுவது என் தொழிலாதலின், அப்போது ஒரு சொல்லைப் பற்றி எண்ணினேன். ஆங்கிலத்தில் வாங்கிய பணத்திற்கு ஒரு சொல்லும், ஆற்றவேண்டிய கடமைக்கு வேறொரு சொல்லும் உண்டு. தமிழிலோ இரண்டையும் 'கடன்' என்கிறோம். வங்கிக்குக் கடன், தெய்வத்திற்கு நேர்த்திக் கடன், இறந்தார்க்கு நீத்தார் கடன், தினமும் காலைக் கடன். வங்கிக் கடனை நான் 2014-லேயே அடைத்துவிட்டுக் கார் முழுதும் எனதாயிற்று என்று மகிழ்ந்திருந்தேன். அண்டை வீட்டாருக்குரிய கடன் ஏட்டில் ஏறாமல் நின்றிருந்தது. கணவர் வாங்கிய கடனைத் தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்த அந்த அம்மையாரின் நினைவு எனக்குத் துணை நின்றது.

எஞ்சினை முழுதாகப் பிரித்து, சிலிண்டரைச் செப்பனிட்டு, புது ரிங்குகள் போடச் சொன்னேன். அதற்கான செலவு, வண்டியை விற்றால் வரக்கூடிய தொகையைவிட அதிகம். அலுவலக நண்பர்கள் நகைத்தார்கள். தம்பியும், "அந்தப் பணத்திற்கு இங்கே ஒரு பழைய காரே வாங்கலாமே" என்றான். புகைச் சோதனையில் அது தேறிய பின்னரே சான்றுக்கு மனுச் செய்தேன். புதுக் காருக்கு நிகராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பழைய எஞ்சின் பழைய எஞ்சினே. என்னால் இயன்ற அளவு அடைத்தேன் என்று மட்டும் சொல்வேன். இங்கே நான் வேறு கார் வாங்கவில்லை. மெட்ரோ ரயிலில் அலுவலகம் செல்கிறேன்.

பிப்ரவரி இறுதியில் தம்பி டில்லிக்கு வந்தான். இருவருமாக ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் சென்று, ஐந்தாம் நாள் ஊர் சேர்ந்தோம். தாயார் வாசலுக்கு வந்து ஆரத்தி எடுத்தார். பிறகு, கேளாமலே முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

நாங்கள் டில்லியை விட்டுப் புறப்பட்ட காலையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பழக்கத்தால் மேலே பார்த்தேன். ஜன்னல் திறந்தே இருந்தது. பெரியவரைக் காணோம். சற்று நேரத்தில் அவர் கைத்தடியோடு மாடிப்படி இறங்கி, என் அருகே வந்தார். கையில் ஒரு சிறு பொட்டலம். "பேட்டா, பதினைந்து ஆண்டுக்கு முன் நான் உன்னிடம் மிட்டாய் கேட்டு வாங்கித் தின்றேன். வழிக்கு இதை வைத்துக்கொள்" என்று சொல்லி, காரின் கூரையை இருமுறை தட்டிக்கொடுத்தார்.

வண்டி வாங்கிய நாளில் எனக்கு உண்டான பெருமை பெரிதுதான். அதை விட்டுப் பிரிந்த அந்தக் காலையில் உண்டானது அதனினும் பெரிது. நேயர்களே, உங்கள் வண்டிகளை ஆசையோடு துடைத்துப் பேணுங்கள். பேணும்போது, அதன் பின்புறம் நின்று வரும் புகையையும் ஒருமுறை பாருங்கள்.