ஒரு சொல்லும் இரு பொருளும்: பிரெஞ்சு நூல்களின் ஆங்கில ஆக்கங்கள்



ஒரு சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளுக்கும் இயல்பு. தமிழில் நிகண்டு செய்தோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் குறிக்கும் ஒரு சொற்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஒரு மொழிக்குள்ளேயே வாழ்வோர்க்கு இத்தகைய சொற்கள் செல்வம். அவற்றை வேறு மொழிக்கு எடுத்துச் செல்வோர்க்கோ அவை தீராத இடர்ப்பாடு. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சில சொற்களின் வழியாக அவ்விடர்ப்பாட்டின் தன்மையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்விரு மொழிகளையும் ஒப்பிடுவோர் முதலில் நினைவுகூர வேண்டியவர் ஃபெர்தினான் தெ சொசூர். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய மொழியியல் உரைகள், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1916இல் நூலாக வெளிவந்தன. அந்நூலில் ‘முத்தோன்’ என்னும் சொல் எடுத்துக்காட்டாக வருகிறது. வயலில் மேயும் செம்மறியாடும் பிரெஞ்சுக்காரருக்கு முத்தோன். தட்டில் பரிமாறப்படும் அதன் இறைச்சியும் முத்தோன். ஆங்கிலேயர்க்கு மேய்வது ‘ஷீப்’, உண்பது ‘மட்டன்’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், ஆள்வோரின் பிரெஞ்சுச் சொல் இறைச்சிக்குப் பெயராயிற்று. ஆட்டுக்குப் பழைய ஆங்கிலச் சொல்லே நிலைத்தது. ஆகவே முத்தோனும் ஷீப்பும் ஒரே விலங்கைச் சுட்டலாம். ஆயினும் தத்தம் மொழியில் அவற்றின் மதிப்பு ஒன்றன்று என்கிறார் சொசூர். ஆங்கிலச் சொல்லுக்கு அருகில் இன்னொரு சொல் நின்று எல்லை வகுக்கிறது. பிரெஞ்சுச் சொல்லுக்கு அவ்வெல்லை இல்லை.

இத்தகைய சொற்கள் யாவும் மொழிபெயர்ப்பாளரைத் துன்புறுத்துவன அல்ல. ‘அவொக்கா’ என்றால் வழக்கறிஞர். அதுவே வெண்ணெய்ப் பழத்திற்கும் பெயர். நீதிமன்றத்தில் வாதாடியது பழமோ என்று எவரும் ஐயுறுவதில்லை. ‘ஃபாம்’ என்றால் பெண், அதுவே மனைவி. ‘அவனுடைய’ என்னும் சொல் முன்னால் வந்தால் மனைவி என்பது தெளிவு. இங்கெல்லாம் சூழலே பொருளைத் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு பொருளை ஏற்றால் மற்றது விலகிவிடுகிறது, இழப்பேதும் இல்லை.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் பிறக்கிறது. இரு பொருள்களும் ஒரே சமயத்தில் உயிரோடு நிற்க, அவ்விரண்டும் வேண்டுமென்றே ஆசிரியர் அச்சொல்லை வைத்திருக்கும் இடம் அது. தமிழ் இலக்கணம் இரட்டுற மொழிதல் என்னும் உத்தியாக இதனை அறியும். அங்கே ஆங்கிலத்திற்கு இரண்டு சொற்கள் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அத்தேர்வு ஒரு பொருள்விளக்கம். ஆயினும் நூலைக் கையிலெடுக்கும் வாசகர்க்கு அங்கே ஒரு தேர்வு நிகழ்ந்தது என்பதே தெரிவதில்லை. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பு ‘லெத்ரான்ஜெ’. அச்சொல்லுக்கு அயல்நாட்டான், முன்பின் அறியாதவன், வெளியாள் என மூன்று பொருள்களும் உண்டு. ஸ்டூவர்ட் கில்பெர்ட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல் வெளிவந்தபோது ஒரே மொழிபெயர்ப்புக்கு இரண்டு பெயர்கள் அமைந்தன. இலண்டனில் அது ‘தி அவுட்சைடர்’, நியூயார்க்கில் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’. முன்னது சமுதாயம் புறத்தே நிறுத்திய மனிதனைக் காட்டுகிறது. பின்னது எவர்க்கும், ஒருவேளை தனக்கே, அறிமுகமற்ற மனிதனைக் காட்டுகிறது. பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர்களும் இப்பிளவிலிருந்து விடுபடவில்லை. 1982இல் ஜோசப் லரேடோ முதற்பெயரையும், 1988இல் மேத்யூ வார்டு இரண்டாம் பெயரையும் வைத்தனர். அயல்நாட்டான் என்னும் மூன்றாம் பொருள் இத்தலைப்புகள் எவற்றிலும் முன்னிற்கவில்லை. ஆனால் கதையோ பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் நிகழ்கிறது. பிரெஞ்சு வழியினன் ஒருவன் அரபு மனிதனைச் சுட்டுக் கொல்கிறான். அம்மண்ணில் அயலான் யார் என்னும் வினாவைப் பிரெஞ்சுத் தலைப்பு தன்னுள் வைத்திருக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளில் அவ்வினா மங்கிவிட்டது.

காம்யுவின் மற்றொரு படைப்பு இதனை இன்னும் கூர்மையாகக் காட்டும். 1957இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பில் ‘லோத்’ என்றொரு கதை உண்டு. இத்தலைப்புச் சொல்லின் இயல்பு வியப்புக்குரியது. விருந்தினராக வந்தவரையும் அது குறிக்கும். விருந்தோம்புபவரையும் அதுவே குறிக்கும். வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளிருந்து வரவேற்பவருக்கும் ஒரே பெயர்.

கதையும் அதே இருநிலையில் நிற்கிறது. தாரு என்னும் பள்ளி ஆசிரியன் அல்ஜீரியப் பீடபூமியில் தனித்து வாழ்கிறான். பிரெஞ்சு வழியினனாயினும் அம்மண்ணிலேயே பிறந்தவன். வேறெங்கு வாழினும் தான் நாடுகடத்தப்பட்டவனே என்று எண்ணுபவன். காவலர் ஒருவர், உறவினனைக் கொன்ற அரபுக் கைதி ஒருவனை அவனிடம் ஒப்படைத்து, அடுத்த ஊர்ச் சிறையில் சேர்க்கச் சொல்லிப் போகிறார். தாரு அவனுக்கு உணவளிக்கிறான். தன் அறையிலேயே படுக்க இடமளிக்கிறான். மறுநாள் உணவும் பணமும் கொடுத்து, சிறைக்குச் செல்லும் வழியையும் நாடோடிகளிடம் செல்லும் வழியையும் காட்டி விட்டுவிடுகிறான். கைதி சிறைக்குச் செல்லும் வழியிலேயே நடக்கிறான். பள்ளிக்குத் திரும்பிய தாருவை வரவேற்பது, தங்கள் சகோதரனைக் காட்டிக்கொடுத்தமைக்குப் பழிவாங்குவதாகக் கரும்பலகையில் எழுதப்பட்ட அச்சுறுத்தல்.

இக்கதையில் விருந்தினன் யார்? ஓரிரவு தங்கிய அரபு மனிதனா, அவனுடைய நாட்டில் பிரெஞ்சுப் பள்ளி நடத்தும் ஆசிரியனா? 1954இல் தொடங்கிய அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்த கதை இது. அப்போர் 1962இல் முடிந்தபோது, தாருவைப் போன்ற பல இலட்சம் பேர் தாம் பிறந்த மண்ணைவிட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறினர். வீட்டுக்குரியவர் யார், வந்து தங்கியவர் யார் என்னும் வினாவுக்கு வரலாறு கொடுத்த விடை அது. ஜஸ்டின் ஓபிரையன் 1958இல் செய்த ஆங்கில ஆக்கத்தில் கதையின் பெயர் ‘தி கெஸ்ட்’, அதாவது விருந்தினன். அவரைக் குறைகூற இயலாது. ஆங்கிலத்தில் இரண்டையும் குறிக்கும் சொல் வழக்கில் இல்லை. எனினும், தலைப்பைப் படித்தவுடனேயே ஆங்கில வாசகர் கைதியை விருந்தினன் என்று முடிவு செய்துவிடுகிறார். பிரெஞ்சு வாசகரோ கடைசி வரி வரை அவ்வினாவைச் சுமந்து செல்கிறார்.

ஆசிரியரே தம் காலத்தில் இவ்விழப்பைக் கண்டு வருந்திய நிகழ்ச்சியும் உண்டு. மார்செல் புரூஸ்தின் ஏழு பகுதிப் பெரும்புதினம் 1913 முதல் 1927 வரை வெளிவந்தது. அதன் பொதுத்தலைப்பில் ‘தாம் பெர்தூ’ என்னும் தொடர் உள்ளது. ‘தாம்’ என்பது காலம். ‘பெர்தூ’ என்பது இழக்கப்பட்டது எனவும், வீணாக்கப்பட்டது எனவும் இருபொருள் தரும். கதைசொல்பவன் தன் இளமையை எழுதாமல் வீணடித்ததாக எண்ணி வருந்துகிறான். வீணானது என்று கருதிய அதே காலம்தான் எழுத்தின் மூலப்பொருள் என்று இறுதியில் உணர்கிறான். ஆதலால் கடைசிப் பகுதியின் பெயர் ‘மீட்கப்பட்ட காலம்’ என்று பொருள்படும். தலைப்பில் விடுத்த புதிருக்கு ஏழாம் பகுதி விடை கூறுகிறது.

ஸ்காட் மான்கிரீஃப் 1922இல் முதற்பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, ஷேக்ஸ்பியரின் முப்பதாம் சானெட்டிலிருந்து எடுத்த ஒரு தொடரைப் பொதுத்தலைப்பாக்கினார். கடந்து போனவற்றை நினைவுகூர்தல் என்பது அதன் கருத்து. அழகிய தலைப்புத்தான். ஆனால் இழப்பும் வீணும் போயின. காலம் என்னும் சொல்லும் போயிற்று. புரூஸ்து தம் மறைவுக்குச் சில வாரங்களுக்கு முன் மொழிபெயர்ப்பாளர்க்கு எழுதிய மடலில், பிறவற்றைப் பாராட்டிவிட்டு, தாம் வேண்டுமென்றே வைத்த இருபொருள் தலைப்பில் அழிந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார். 1922 நவம்பர் 18இல் அவர் மறைந்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1992இல், டி. ஜே. என்ரைட் திருத்திய பதிப்பில்தான் ‘இழந்த காலத்தைத் தேடி’ என்னும் பொருளமைந்த ஆங்கிலத் தலைப்பு வந்தது. அதிலும் வீண் என்னும் பொருள் மெலிந்தே ஒலிக்கிறது.

அம்மடலில் முதற்பகுதியின் பெயர் பற்றியும் ஒரு குறை உண்டு. சுவான் என்பவரின் வீட்டுப்பக்கம் செல்லும் பாதை என்பது பிரெஞ்சுத் தலைப்பு. ஆங்கிலத்தில் அது ‘சுவான்ஸ் வே’ ஆயிற்று. ‘வே’ என்னும் ஆங்கிலச் சொல் பாதையையும் குறிக்கும். ஒருவர் நடந்துகொள்ளும் பாங்கையும் குறிக்கும். பிரெஞ்சில் இல்லாத ஓர் இருபொருள் ஆங்கிலத்தில் புகுந்துகொண்டது. நோக்கிச் செல்வதைக் காட்டும் ‘டு’ என்னும் சிறுசொல்லைச் சேர்த்திருந்தால் போதும் என்பது புரூஸ்தின் கருத்து. மொழிபெயர்ப்பில் பழைய கிளை ஒன்று முறிவதோடு புதிய கிளை ஒன்று முளைப்பதும் உண்டு என்பதற்கு இது சான்று.

இவ்விடர்ப்பாடு புனைகதையோடு நிற்பதன்று. பிரெஞ்சில் ‘கோன்சியான்ஸ்’ என்பது நன்மை தீமை அறியும் மனச்சான்று. அறிந்தும் உணர்ந்தும் நிற்கும் நனவுநிலையும் அதுவே. ஆங்கிலம் இவ்விரண்டையும் ‘கான்ஷியன்ஸ்’, ‘கான்ஷியஸ்னஸ்’ என இரு சொற்களாக்கி வைத்திருக்கிறது. சமூகவியலார் எமில் துர்க்கேம், 1893இல் வெளியிட்ட உழைப்புப் பகுப்பைப் பற்றிய நூலில், ஒரு சமுதாயத்து மக்களுக்குப் பொதுவான நம்பிக்கைகளும் உணர்வுகளும் சேர்ந்த தொகுதியை இச்சொல்லால் குறித்தார். 1933இல் ஜார்ஜ் சிம்ப்சன் அதனைக் கூட்டு மனச்சான்று என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் தந்தார். 1984இல் டபிள்யூ. டி. ஹால்ஸ் கூட்டு நனவு என்று பொருள்படும் சொல்லை மேற்கொண்டார். முதல் நூலைப் பயின்றவர்க்குத் துர்க்கேம் அறம் பற்றிப் பேசுபவராகவும், இரண்டாவதைப் பயின்றவர்க்கு அறிவு பற்றிப் பேசுபவராகவும் தோன்றக்கூடும். துர்க்கேமின் கோட்பாட்டில் இரண்டும் பிரியாதன.

நாடுகளின் உறவிலும் ஒரு சிறுசொல் பெரும்பூசலுக்கு இடமாவதுண்டு. 1967 ஜூன் மாதப் போருக்குப் பின்னர், அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இஸ்ரேலியப் படைகள் விலகுவதைக் கூறும் இடத்தில், ஆங்கில வடிவம் வரையறுக்கும் ‘தி’ என்னும் சொல் இல்லாமல், போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து என்றது. பிரெஞ்சு வடிவத்தில் ‘தே’ என்னும் சொல் வந்தது. அச்சொல் இரு வேலை செய்வது. வரையறையின்றிச் சில என்று கூறவும் அது வரும். அந்த இடங்களிலிருந்து என வரையறுத்துக் கூறவும் அதே வடிவம் வரும். அத்தொடரின் இலக்கணப்படி பின்னதே இயல்பான பொருள். எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்னும் வாதத்தில் ஒரு சாரார் ஆங்கிலத்தையும் மறுசாரார் பிரெஞ்சையும் காட்டினர். நிலமும் குடியும் ஒரு சுட்டுச்சொல்லைச் சார்ந்து நின்ற வழக்கு இது.

இனி, இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வு உண்டா? மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. ஒன்று, மூலச்சொல்லை அப்படியே விட்டுவிடுதல். விக்தர் உய்கோவின் 1862ஆம் ஆண்டுப் புதினம் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ‘லே மிசெராபிள்’ என்றே வழங்குகிறது. வறுமையுற்றோர், இழிந்தோர் என்னும் இருபொருளும் அச்சொல்லுக்கு உண்டு. சமுதாயம் முன்னவரைப் பின்னவராக்கிவிடுகிறது என்பதே உய்கோவின் குற்றச்சாட்டு. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனைத் தமிழில் ‘ஏழைபடும் பாடு’ என்றார். 1950இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. துன்பத்தின் பக்கத்தைத் தமிழ்த்தலைப்பு உருக்கமாகச் சொல்கிறது. இழிவின் பக்கம் நூலுக்குள் தேடிக் காணற்குரியதாயிற்று. இரண்டாம் வழி, ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததை முன்னுரையில் வெளிப்படக் கூறுதல். மூன்றாம் வழி, பெயர்க்கும் மொழியின் கருவூலத்தில் இரு பொருளும் ஏற்கும் சொல்லைத் தேடுதல்.

மூன்றாம் வழி தமிழுக்குப் பல இடங்களில் ஆங்கிலத்தைவிட எளிது என்பது இங்கு எண்ணத்தக்கது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகப் பெயர்த்த காம்யுவின் புதினம் 1980இல் ‘அந்நியன்’ என்று வெளிவந்தது. வேற்று நாட்டானும் அந்நியன், அறிமுகமற்றவனும் அந்நியன், ஒட்டாமல் விலகி நிற்பவனும் அந்நியன். ஆங்கிலம் இரண்டாகப் பிளந்ததைத் தமிழ் ஒரே சொல்லில் காத்தது. புரூஸ்தின் தொடருக்கும் ‘தொலைத்த காலம்’ எனலாம். தொலைத்தல் இழத்தலுமாம், வீணே கழித்தலுமாம். ஆங்கிலத் தலைப்பை மட்டும் கண்டு பெயர்ப்பவர்க்கு இவ்வாய்ப்பு புலப்படாது. அவர் கையில் கிடைப்பது பாதிச் சொல். பாதி என்பதும் அவருக்குத் தெரியாது.

உலக இலக்கியம் பெரிதும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வந்து சேர்ந்தது, அவ்வழியை இகழ்வதற்கில்லை. ஆயினும் பிரெஞ்சு நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க முனைவோர், தலைப்புக்கும் முதன்மையான சொற்களுக்குமாவது பிரெஞ்சு மூலத்தையும் அகராதியையும் புரட்டிப் பார்த்தல் கடமையாகும். இவ்விலக்கிய வட்டம் போன்ற அமைப்புகள் பிரெஞ்சு அறிந்தோரையும் தமிழில் பெயர்ப்போரையும் ஒரே அவையில் கூட்டுவிக்குமாயின், ஆங்கிலம் கைவிட நேர்ந்த பொருள்கள் பலவற்றைத் தமிழ் மீட்டுக்கொள்ளும்.