வார்சா சதுக்கத்தை மீட்டது யார்?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தைக் கனலெட்டோவின் ஓவியங்களைப் பார்த்துத்தானே திரும்பக் கட்டினார்கள்?" அங்கே போய்வருகிற பலரும் இந்தக் கதையோடுதான் ஊர் திரும்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

கனலெட்டோ என்று போலந்தில் சொல்வது பெர்னார்டோ பெலோட்டோவை. 1770களில் மன்னருக்காக வார்சாவின் தெருக்களையும் தேவாலயங்களையும் வரைந்தவர். அவற்றில் சில, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டியவர்களுக்கு உதவின. ஆனால் இந்தச் சதுக்கத்தை அவர் வரையவே இல்லை!

போர்க்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1944 ஆகஸ்ட் 1-இல் நாஜி ஆட்சிக்கு எதிராக வார்சாவில் எழுச்சி, 63 நாள் சண்டை, தோல்வி. பிறகு நாஜிப் படை மக்களை வெளியேற்றிவிட்டு, எஞ்சியிருந்த வீடுகளுக்குத் தீவைத்தது, வெடிவைத்தது. சதுக்கத்தில் மிஞ்சியது செங்கல் குவியல்.

அப்புறம் எதைப் பார்த்துக் கட்டினார்கள்? இங்கேதான் ஓஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி வருகிறார். வார்சா பாலிடெக்னிக்கில் கட்டடக்கலைப் பேராசிரியர். போருக்கு முன்பே மாணவர்களைப் பழைய கட்டடங்களுக்கு அனுப்பி, சன்னல், வாசல், மாடம் என்று ஒவ்வொன்றையும் அளந்து வரைய வைத்தவர். 1939 செப்டம்பரில் நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, அந்த வரைபடங்களைக் காப்பாற்றக் கல்லூரிக்குப் போனார். அங்கேயே படுகாயமடைந்து இறந்தார். காகிதங்களுக்காக ஒரு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்! எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

அவருக்குப் பின் யான் ஜக்வாத்தோவிச்சும் தோழர்களும் நாஜி ஆட்சியிலும் அந்த வேலையை ரகசியமாகத் தொடர்ந்தார்கள். எழுச்சி தோற்றதும் வரைபடங்களை நகரத்துக்கு வெளியே கடத்தி, பியோத்ர்கூஃப் ஊரின் மடம் ஒன்றில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் நகரத்தின் பழைய கட்டடங்களை மீட்கும் பொறுப்பு ஜக்வாத்தோவிச்சிடமே வந்தது.

1953 ஜூலை 22-இல் சதுக்கம் திறக்கப்பட்டது. முகப்புகள் பழைய சாயலில். உள்ளே புதிய குடியிருப்புகள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: வார்சாவுக்காக வ்ரோத்ஸ்வாஃப் போன்ற ஊர்களின் கட்டடங்களை இடித்தும் செங்கல் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் வருத்தம் நியாயமானது.

1980-இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழமைக்காக அல்ல, இப்படி மீட்டுக் கட்டியதற்காகவே. அந்தப் பெருமையில் ஓவியருக்கு ஒரு பங்கு இருக்கட்டும். பெரும்பங்கு, அளவுநாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கிய மாணவர்களுக்கும் அவர்களை அனுப்பிய சொஸ்னோவ்ஸ்கிக்கும்தான்.