திரும்பி வரும் செய்தி



நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். நீர் குறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை இறங்கி, வால்வைத் திறக்கிறது. நீர் நிறைந்தால் மிதவை மேலெழுந்து, வால்வை மூடுகிறது. நாம் யாரும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதில்லை. இவ்வாறு, நடந்த வேலையின் பயன் செய்தியாகத் திரும்பி வந்து அடுத்த வேலையைத் திருத்துவதைப் 'பின்னூட்டம்' என்கிறோம்.

1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் பொருத்திய இரு சுழலும் குண்டுகளும் இந்த வேலையைத்தான் செய்தன. வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி மேலெழும். நீராவி வரும் வழி குறுகும். வேகம் தணிந்தால் குண்டுகள் இறங்கும்; வழி விரியும்.

இன்றைய பெரிய மின்நிலையங்களில் இப்படிப்பட்ட சிறு அமைப்புகள் எண்ணற்றவை. பம்பு ஒன்று, வால்வு ஒன்று, மானி ஒன்று என ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது செய்திகளே. அச்செய்தி பொய்யானால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம் உள்ளது. 1979 மார்ச் 28 அதிகாலையில், அதன் இரண்டாம் உலைப் பகுதியில் நீர் செலுத்தும் பம்புகள் நின்றன. அழுத்தம் ஏறியது. அதைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. உலையும் தானாக நின்றது. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தன. அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமல் சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையிலோ விளக்கு அணைந்தது. 'வால்வு மூடிவிட்டது' என்று பணியாளர்கள் நம்பினார்கள். ஆனால், அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டதன்று. வால்வுக்குச் செல்லும் மின் கட்டளையோடு இணைக்கப்பட்டது. 'மூடு' என்ற உத்தரவு போயிற்று என்பதை மட்டுமே அது சொல்லிற்று.

உலையில் எவ்வளவு நீர் உள்ளது என்று நேரே காட்டும் கருவியும் அங்கு இல்லை. உலையோடு இணைந்த வேறொரு தொட்டியின் நீர்மட்டத்தைக் கொண்டே அதைக் கணித்தார்கள். அந்த மட்டம் உயர்ந்ததால், நீர் மிகுந்துவிட்டதென எண்ணி, அவசரகாலக் குளிர்நீரைக் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நீர் வெளியேறியது. உலையின் எரிபொருட் பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகிப்போயிற்று. அந்த உலை மீண்டும் இயங்கவே இல்லை.

பின்னர், இத்தகைய வால்வுகளின் உண்மை நிலையை நேரே காட்டும் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது.

நம் தொட்டியின் மிதவை, வால்வு திறந்திருக்கிறதா என்று ஊகிப்பதில்லை. அது நீரையே தொட்டுக்கொண்டிருக்கிறது. இட்ட உத்தரவு வேறு, நடந்த காரியம் வேறு. இயந்திரத்தை அமைப்பவரும் அதை இயக்குபவரும் 'இந்தச் செய்தி எதைத் தொட்டுக்கொண்டு வருகிறது?' என்று முதலில் கேட்பது நலம்.