பனி இல்லாத மலைக்கு ஒரு சிக்கனப் பயணம்



மார்கழி பிறந்தால் போதும், தொலைக்காட்சியில் இமயமலைப் பனியைக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். குல்மார்கிலும் ஆலியிலும் வண்ண உடுப்பு மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கிப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு தடவை போகலாமா அப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல ஆசைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் கணக்குப் போட உட்கார்ந்தால் கை நின்றுவிடும். சென்னையிலிருந்து ஹரித்வாருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து ஜோஷிமட்டுக்கு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்க. அதற்கும் மேலே, 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது ஆலி. போக வர ஆறு நாள் வழியிலேயே போய்விடும். கம்பளி உடுப்பு, சறுக்குப் பலகை வாடகை, சொல்லித் தருபவருக்குக் கட்டணம் எல்லாம் தனி.

உண்மையிலேயே பனிச்சறுக்குக் கற்க வேண்டும் என்ற வேட்கை உள்ள இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுற்றுலாப் பயணியாகப் போவதைவிடப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து போங்கள். உத்தராகண்ட் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஆலியில் வகுப்பு நடத்துகிறது. குல்மார்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இத்தகைய வகுப்புகளில் தங்குமிடம், சாப்பாடு, பலகை, ஆசிரியர் எல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் பருவம். ஒரு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

அப்படி ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு மலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேசவே வந்தேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் கண்ணமங்கலம் தாண்டியதும் மேற்குப் பக்கத்து ஜன்னலில் பார்த்தால் நீலமாக ஒரு மலைத்தொடர் கூடவே வரும். அதுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. லட்சக்கணக்கான பேர் அதைக் கடந்து கிரிவலத்துக்குப் போகிறார்கள். மலை மேல் ஏறிப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான்.

மலை மேலே நடுநாயகமான ஊர் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து ஒரு சாலை ஏறுகிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக இன்னொன்று. வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி வழி இருக்கிறது. போளூர், காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கிறது. வாணியம்பாடி, சென்னை–சேலம் பாதையில். ஆகவே என் யோசனை இது: ஒரு வழியாக ஏறி இன்னொரு வழியாக இறங்குங்கள். போளூரில் ஏறி, ஜமுனாமரத்தூரில் இரவு தங்கி, மறுநாள் காவலூர் பார்த்துவிட்டு ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கினால், மலையின் இரண்டு முகத்தையும் ஒரே செலவில் பார்த்துவிடலாம். வாடகைக் கார் பிடித்தால் இதைச் செய்ய முடியாது, ஓட்டுநர் வண்டியைப் புறப்பட்ட இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அரசுப் பேருந்தில் செய்யலாம். மலை மேல் பேருந்துகள் குறைவு என்பதால், ஏறும்போதே நடத்துநரிடம் மறுநாளைய வண்டிகளின் நேரத்தைக் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை நம்ப வேண்டாம். பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. ரொக்கமும் கீழேயே எடுத்துக்கொள்வது நல்லது.

எப்போது போவது என்பதில்தான் பயணத்தின் பாதி வெற்றி இருக்கிறது. அருவி பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு, ஐப்பசி கார்த்திகை வாக்கில். ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவி அப்போதுதான் அருவியாக இருக்கும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள். சீதாப்பழம் வேண்டுமானால் ஆவணி, புரட்டாசி. பலா வேண்டுமானால் வைகாசி, ஆனி. குளிர் வேண்டுமானால் மார்கழி, தை. பனிக்கட்டி விழாது, ஆனால் விடியற்காலையில் மூடுபனி இறங்கும், இரவில் கம்பளிப் போர்வை இல்லாமல் தூங்க முடியாது. கோடையில் ஜமுனாமரத்தூரில் அரசு கோடை விழா நடத்துவதுண்டு; அந்த நாட்களில் கூட்டமும் அறை வாடகையும் சேர்ந்தே ஏறும். சிக்கனமாகப் போக நினைப்பவர்கள் அந்தத் தேதிகளைத் தள்ளிவிட்டுப் போவது உத்தமம்.

என்னைக் கேட்டால், இந்த மலையில் காணக் கிடைப்பவற்றுள் முதலிடம் வானத்துக்குத்தான். காவலூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு என்ற பெரிய விஞ்ஞானி தெற்கே நல்ல இடம் தேடி அலைந்து, சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத இடம்; பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானத்தையும் தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்தே பார்க்கலாம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கியது. 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதற்கான பதிவுகளில் காவலூரில் எடுத்தவையும் இருந்தன. பிறகு 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து, நம் நாட்டிலேயே கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிக் கட்டினார்கள். அது முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-ல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தபோது, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள் இன்று 4130 ராமானுஜன் என்ற பெயரோடு சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் கணித மேதையின் பெயர்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது இங்கே நெடுநாள் வழக்கம். புறப்படுவதற்கு முன் நேரத்தை உறுதிசெய்து கொள்ளுங்கள். பயணத் தேதியை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாக வைத்துக்கொண்டால், ஆய்வகத்துக்கு உள்ளே பார்ப்பது ஒரு புறம் இருக்க, வெளியே வந்து சும்மா அண்ணாந்து பார்த்தாலே போதும். தை மாதத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் மிருகசீரிடமும் தலைக்கு மேலே நிற்கும். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். சித்திரையில் போனால் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே சிலுவை வடிவில் திரிசங்கு. சென்னையில் வளரும் பிள்ளை இவ்வளவு நட்சத்திரங்களை ஒருசேரப் பார்த்திருக்காது. இதற்குக் கட்டணம் கிடையாது.

தங்குவதற்கு ஜமுனாமரத்தூரில் விடுதிகள் உண்டு, எண்ணிக்கை குறைவு. முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன்: கீழேயிருந்து ரொட்டியும் சிப்ஸ் பொட்டலமும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இது சாமை விளையும் மலை. சரிவில், கற்களுக்கு நடுவே, வானம் பார்த்த நிலத்தில் சாமை விதைக்கிறார்கள். அறுத்துப் போரடித்த தானியத்தைக் கையில் அள்ளினால் மணல் போல விரலிடுக்கில் வழியும். அவ்வளவு சின்ன மணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் உமியை நீக்குவதுதான் பெரும்பாடு. உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் அரை நாள் மெனக்கெட வேண்டியிருந்தது. அரவை இயந்திரம் வந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு. ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், சற்று ஊறவிட்டு, கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி வைத்தால் உதிரியாக வெந்துவிடும். கொள்ளு ரசமோ கீரைக் கடைசலோ கூட இருந்தால் வேறெதுவும் வேண்டாம். முதல் நாளே சொல்லி வைத்தால் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

கேட்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மலையில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர், தமிழ் பேசுகிறவர்கள். ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றால் சந்தனம். திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கே இருக்கிறது. காட்டில் சந்தனம் அருகிப்போனது. மானாவாரி நிலம் வருடம் முழுக்கச் சோறு போடாது. ஆண்கள் வேலை தேடி மலை இறங்கினார்கள். சிலரைச் செம்மரம் வெட்டக் கூலி பேசி ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துப் போனார்கள் தரகர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மலையிலேயே ஒரு குடும்பத்துக்குக் கூடுதலாக நாலு காசு கிடைத்தால், ஒரு பிள்ளை தரகனோடு போகாமல் இருக்கலாம். நம் பயணச் செலவு யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது அதனால்தான் முக்கியமாகிறது.

ஆகவே சிக்கனம் எதில் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டியில் சிக்கனம் பிடியுங்கள், பேருந்தில் போங்கள். அறையில் சிக்கனம் பிடியுங்கள். தேன் விற்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். மலைத்தேன் எடுக்கிறவர், பாறை விளிம்பில் கயிறு கட்டி இறங்கி, புகை போட்டுத் தேனீயை விலக்கி எடுக்கிறார். கொம்புத் தேன், பொந்துத் தேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை, ஒரு விலை. அவரையே விசாரித்து, நக்கிப் பார்த்து வாங்குங்கள். சாமை, புளி, கடுக்காய், மிளகு, பருவத்துக்குப் பலா: வீட்டுக்கு வேண்டியதைத்தானே வாங்கப் போகிறோம்? அதற்கான தொகையைப் பயணத் திட்டத்தில் தனியாக ஒதுக்கிவிட்டால் மனம் உறுத்தாது.

வழிகாட்டிக்கும் ஒதுக்குங்கள். மேல்பட்டுப் பக்கம் பட்டறைக்காட்டில் குள்ளர் குகைகள் என்று ஊரார் சொல்லும் கல்திட்டைகள் இருக்கின்றன. தட்டையான பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையைக் கூரையாக வைத்த பெருங்கற்கால அமைப்புகள். சிலவற்றின் முகப்புக் கல்லில் வட்டமாகத் துளை. ஈமச் சின்னங்கள் என்கிறார்கள் அறிஞர்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். உள்ளூர் இளைஞர் ஒருவரைக் கூட்டிப் போனால் வழியும் தவறாது, அந்தக் கதையையும் கேட்கலாம். கல் மேல் ஏறிப் படம் எடுப்பது, பெயர் கிறுக்குவது வேண்டாம். ஏற்கெனவே பல சரிந்து கிடக்கின்றன.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழக அரசின் மலையேற்றத் திட்டத்தில், மாநிலம் முழுக்க 40 பாதைகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்கலாம், முன்பதிவு இணையத்திலேயே. மாசி, பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும். அருவியில் மழை நாளில் மேலேயிருந்து திடீரென்று வெள்ளம் வரும், பாறை வழுக்கும். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தை இன்றிரவே தொடங்கலாம். நாட்காட்டியை எடுத்து, அமாவாசைக்கு முன்பின் வரும் சனிக்கிழமை ஒன்றைக் குறியுங்கள். அடுத்து ரயில், அதற்கடுத்து அறை. பிறகு சாப்பாடு, வழிகாட்டி, தேன், சாமை என்று நான்குக்கும் பணத்தை எண்ணித் தனி உறையில் போட்டு வையுங்கள். மிச்சம் இருப்பதைப் பார்த்து, எத்தனை பேர் போகலாம் என்று தீர்மானியுங்கள். பாட்டி தாத்தா வருவதாக இருந்தால், வளைவுச் சாலையில் தலைசுற்றல் வரலாம். அதற்கு எலுமிச்சம்பழமும், முன்பக்க இருக்கையும். அமிர்தியில் வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா இருப்பதால், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேலூர் வழி பொருத்தமாக இருக்கும். பிளாஸ்டிக் பொட்டலம் ஏதேனும் மேலே கொண்டுபோனால், அதைப் போடக் காலிப் பை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். கீழே கொண்டுவந்து சேர்ப்பது நம் வேலை.