கிராமமும் நகரமும்: புற்றுநோய்க் கணக்கு

"பட்டணத்துக் காற்றும் தண்ணீரும்தான் இந்த நோயைக் கொடுத்தன; ஊரிலேயே இருந்திருந்தால் வந்திராது" என்னும் பேச்சு, மும்பையில் தமிழர் வாழும் பகுதிகளில் அடிக்கடி காதில் விழுவது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் கேட்கும் இப்பேச்சு மான்குர்த்தில் இன்னும் அழுத்தமாகக் கேட்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு புறம் தேவனார் குப்பைமேடு. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது நாட்கணக்கில் புகை சூழ்ந்திருந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மறுபுறம் மாஹுலிலும் செம்பூரிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் நிற்கின்றன. அசுத்தமடைந்த வெளிக்காற்று புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று, உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே 2013-இல் அறிவித்துள்ளது. ஆகவே இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை.

ஆனால் இப்பேச்சின் பின்னாலேயே ஒரு முடிவும் வருகிறது. வீட்டில் ஒருத்திக்கு மார்பில் கட்டி தென்பட்டாலும், ஒருவருக்கு வாயில் ஆறாத புண் கண்டாலும், "ஊருக்கு அனுப்பிவிடுவோம், நல்ல காற்று பட்டால் தேறிவிடும்" என்று திருநெல்வேலிக்கோ சேலத்திற்கோ ரயிலேற்றிவிடுகிறோம். கிராமம் உண்மையில் அத்தகைய புகலிடந்தானா என்பதைக் கணக்கைக் கொண்டு பார்ப்போம்.

கணக்கு என்றதும், அது யாரால், எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பது முறை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்களிடையே ஆண்டுதோறும் புதிதாகத் தோன்றும் புற்றுநோய் ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் பணி, இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது பம்பாயில்தான். டாக்டர் டி. ஜே. ஜஸ்ஸாவாலாவின் முயற்சியால் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963-இல் பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவேட்டை நிறுவிற்று. பதிவேட்டின் ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டுவார்கள். மாநகராட்சியின் மரணப் பதிவுகளையும் புரட்டுவார்கள். ஒருவர் மூன்று ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றிருந்தாலும் ஒருமுறையே எண்ணப்படும்படி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இதன்மேல் எழாத புள்ளிவிவரம் வெறும் ஊகமே. 1982 முதல் தேசியத் திட்டம் ஒன்றின்கீழ் பெங்களூரும் சென்னையும் பம்பாயோடு சேர்ந்தன. மூன்றும் பெருநகரங்கள்.

கிராமத்திற்கென்று ஒரு பதிவேடு 1987-இல்தான் பிறந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த பார்ஷியை மையமாகக் கொண்டு, பார்ஷி, பராண்டா, பூம் என்னும் மூன்று தாலுக்காக்களின் 346 கிராமங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. அங்கே நகரத்து முறை பயன்படவில்லை. நகரத்தில் ஆஸ்பத்திரி வாயிலில் காத்திருந்தால் நோயாளி வந்து சேர்வார். வறண்ட கரிசல் பூமியாகிய பார்ஷி வட்டாரத்திலோ, நோய் கண்டவர் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே காலமாகிவிடக் கூடும். ஆகவே பதிவேட்டு ஊழியர்களே ஊர் ஊராகச் சென்றார்கள். இன்னின்ன அறிகுறி கண்டால் கவனிக்க வேண்டும் என்று மக்களைக் கூட்டிச் சொன்னார்கள். சந்தேகம் உள்ளவர்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். எண்ணுவதற்காகப் போனவர்களால் ஓர் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்துப் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயின் முற்றிய நிலையில் வருவது குறைந்து, ஆரம்ப நிலையிலேயே வருவது கூடிற்று.

இனி எண்களைப் பார்ப்போம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டு அறிக்கையின்படி, உஸ்மானாபாத், பீட் ஆகிய கிராமப்புற ஜில்லாக்களில், லட்சம் ஆண்களுக்கு ஆண்டொன்றுக்கு 39.5 பேருக்கும், லட்சம் பெண்களுக்கு 49.4 பேருக்கும் புதிதாகப் புற்றுநோய் கண்டது. (இவற்றுள் உஸ்மானாபாத் இன்று தாராசிவ் என்று வழங்குகிறது.) மும்பையிலோ ஆண், பெண் இரு பாலாரிடத்தும் விகிதம் நூற்றுக்கு மேல். அதாவது நகரத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகம். "நாங்கள் சொன்னது சரிதானே" என்று நேயர்கள் சொல்லக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். அதே அறிக்கையில் ஆண்களுக்கான விகிதம் மிகவுயர்ந்து நிற்கும் இடம் மும்பையும் அன்று, டில்லியும் அன்று. மலையும் காடும் சூழ்ந்த மிசோரத்தின் அய்ஸால் ஜில்லா. அங்கே விகிதம் 269.4. தூய காற்று ஒன்றே காப்பு என்பவர்கள் இந்த எண்ணுக்கு விடை சொல்லியாக வேண்டும். புகையிலைப் பழக்கம் அங்கே மிகப் பெரிது என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுச் செல்வோம்.

இவ்விகிதங்கள் யாவும் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டி எடுக்கப்பட்டவை. அது என்ன என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்லுவோம். ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் லட்சத்துக்கு 40 பேருக்கும், மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 400 பேருக்கும் நோய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புத் தேடி வந்த வாலிபர்கள் நிறைந்த மான்குர்த் சந்து ஒன்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இளையவர்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு முதியவர்கள் தங்கிவிட்ட நம் கிராமம் ஒன்றில் நூற்றுக்கு அறுபது பேரே இளையவர்கள். சந்தின் விகிதம் 76 என்று வரும். கிராமத்தின் விகிதம் 184 என்று வரும். ஒரே வயதுடையோருக்கு ஈரிடத்திலும் ஆபத்து சமந்தான். ஆயினும் எண்கள் கிராமத்தையே குற்றவாளியாக்குகின்றன. இந்த மயக்கம் நேராதபடி, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு வயது அமைப்பை வைத்து விகிதத்தை மாற்றிக் கணிக்கிறார்கள். அவ்வாறு கணித்த பிறகும் மும்பை பார்ஷி வட்டாரத்தைவிட உயர்ந்தே நிற்கிறது என்பதால், வித்தியாசத்தின் ஒரு பகுதியேனும் மெய்யானது என்று கொள்ளலாம்.

ஆனால் நோய் கண்டோரின் எண்ணிக்கை ஒன்று. அதனால் மாண்டோரின் எண்ணிக்கை வேறு. இவ்விடத்தில்தான் கிராமத்தைப் பற்றிய நம் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 2001 முதல் 2003 வரை இந்தியா முழுவதிலும் நேர்ந்த மரணங்களிலிருந்து பெரியதொரு மாதிரியை எடுத்து ஆராய்ந்தார்கள். 'மில்லியன் மரண ஆய்வு' என்று அதற்குப் பெயர். இறந்தவரின் வீட்டுக்கே ஊழியர் சென்று, கடைசி நாட்களில் என்னென்ன துன்பங்கள் இருந்தன என்று உறவினரைக் கேட்டு எழுதி வருவார். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் படித்து மரணத்தின் காரணத்தை நிர்ணயிப்பார்கள். ஆஸ்பத்திரியைக் கண்ணாலும் காணாமல் இறந்தவரும் இம்முறையில் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். 2012-இல் வெளியான முடிவு யாதெனில், 30 முதல் 69 வயது வரையுள்ளோரில், புற்றுநோயால் இறந்த ஆண்கள் கிராமத்தில் லட்சத்துக்கு 95.6, நகரத்தில் 102.4. பெண்களோ கிராமத்தில் 96.6, நகரத்தில் 91.2. ஏறக்குறையச் சமம். நோய் காண்பது பாதிக்கும் குறைவு என்று பதிவேடு காட்டும் கிராமத்தில் மரணம் மட்டும் எப்படி நகரத்தோடு ஒத்து நிற்கிறது?

இரண்டு கணக்குகளும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் எடுத்தவையல்ல என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். அதைக் கழித்த பிறகும் இரண்டு விடைகளே எஞ்சுகின்றன. கிராமத்து நோயாளிகளில் ஒரு பகுதியினர் பதிவேட்டின் கண்ணில் படாமலே போய்விடுகிறார்கள். கண்ணில் பட்டவர்களும் நோய் முற்றிய பின்பே வருவதால், நகரத்தாரைவிட அதிக விழுக்காட்டினர் பிழைக்காமற் போகிறார்கள். செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். 2017-இல் அந்நாட்டு அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட ஒப்பீட்டில், நாட்டுப்புற மாவட்டங்களில் நோய் காணும் விகிதம் பெருநகர மாவட்டங்களைவிடச் சற்றுக் குறைவு. மரண விகிதமோ 158-க்கு 180 என்று அதிகம். மில்லியன் மரண ஆய்வில் கண்ட இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. எழுத்தறிவில்லாதோரிடையே புற்றுநோய் மரணம், மிகுதியாகப் படித்தவர்களிடையே உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நாமறிந்த மட்டில், ஊர் எது என்பதைவிட இந்த வேற்றுமையே பெரிது.

எந்த உறுப்பில் நோய் என்று பார்த்தால் படம் இன்னும் விளங்கும். நகரத்துப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் ஏறிக்கொண்டே வருகிறது. காலந்தாழ்ந்த முதற்பேறு, குறைந்த பிள்ளைப்பேறு, தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்கியது, உடலுழைப்புக் குறைந்து எடை கூடியது ஆகியவை இதற்குத் துணை செய்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயோ எதிர்த்திசையில் செல்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்த அது, இன்று பாதிக்கும் கீழே இறங்கி மார்பகப் புற்றுநோய்க்கு இடம் விட்டுவிட்டது. கிராமத்தில் இந்த இறக்கம் பின்தங்கி வருகிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், திண்டுக்கல் மாவட்டத்திற்கென 2003-இல் பதிவேடு தொடங்கிய ஆண்டுகளில், அங்கே பெண்களிடம் முதலிடம் பெற்றிருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோயே. வைரஸ் ஒன்றினால் வரும் இந்நோய், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய முழுவதும் தடுக்கத் தக்கது. ஆண்களைப் பொறுத்தவரை, வாய்ப் புற்றுநோய் மும்பையில் முன்வரிசையில் நிற்கிறது. இதற்கு ஊர் பேதம் கிடையாது. குட்காவை மகாராஷ்டிர அரசு 2012-இல் தடை செய்தது. ஆயினும் வாயில் அடக்கும் வழக்கம் நம்மவரை விட்டு நீங்கியபாடில்லை. ஊரில் வெற்றிலையோடு புகையிலை போட்டவர் இங்கே வந்து மாவாவுக்கு மாறியிருக்கிறார், அவ்வளவே.

தடுக்க முடியும் என்று நாம் சொல்வது வெறும் ஆறுதல் மொழியன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-த்தில் தொடங்கிய சோதனையில், செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த காடியைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். வெளிறித் தோன்றும் இடத்துக்கு உடனே சிகிச்சை அளித்தார்கள். ஏழாண்டுக்குள் அந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை வைரஸ் பரிசோதனை செய்த கூட்டத்தாரிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. இதன் முடிவு 2009-இல் வெளிவந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-இல் தொடங்கிய சோதனையை நடத்தியவர்கள் மருத்துவர்கள்கூட அல்லர். பத்தாவது படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண்கள். அங்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 31 விழுக்காடு குறைந்தது. நகரமாயினும் கிராமமாயினும், காடியும் பஞ்சும் பயிற்சி பெற்ற கண்ணும் வாய்த்த இடத்தில் மரணம் இறங்கியிருக்கிறது.

ஆகவே, ஊருக்குப் போவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. தாயும் தமக்கையும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றால் அங்கே போய்ச் சிகிச்சை பெறுவதும் பொருத்தமே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் போவது ஆஸ்பத்திரியைத் தேடியாக இருக்க வேண்டும். காற்றைத் தேடியாக இருக்கலாகாது. போகுமுன் இங்கேயே கட்டியைச் சோதித்து, சதைச் சோதனை அறிக்கையையும் கண்ணாடித் தகட்டையும் கையோடு கொண்டுபோவது நலம். இல்லாவிட்டால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சில வாரங்கள் வீணே கழியும். மான்குர்த்தில் இருப்பவர்களுக்கு ரயில் வசதிக்கும் குறைவில்லை. குர்லாவில் வண்டி மாறினால் பரேல். அங்கே 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரி. மறுதிசையில் பன்வேல் வண்டி ஏறினால், வாஷிக் கழியைக் கடந்து கார்கர். அங்கே அதே நிறுவனத்தின் மற்றொரு மையம். முப்பது வயதைக் கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றைப் பரிசோதிப்பது அரசாங்கத்தின் சுகாதாரத் திட்டத்திலேயே சேர்ந்துள்ளது. கட்டி வலிக்கவில்லை என்பதைக் காரணமாக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.

கடைசியாக ஒரு சிறு செய்தி. ஓர் எல்லைக்குள் ஓராண்டேனும் குடியிருந்தவரையே அவ்விடத்துப் பதிவேடு தன்னவராக எண்ணும். இருபது ஆண்டு மான்குர்த்தில் உழைத்தவர், நோய் முற்றிய நிலையில் ஊருக்குப் போய் ஒரு மாதத்தில் இறந்தால், மும்பையின் ஏட்டிலும் இடம்பெறாமல் ஊரின் ஏட்டிலும் இடம்பெறாமல் போய்விடலாம். தமிழ்நாடு முழுவதையும் தழுவும் பதிவுத் திட்டம் 2012-இல் தொடங்கிவிட்டது என்றாலும், அதன் பார்வையில் அவர் வெளியூர்க்காரர். இங்கேயே சிகிச்சை பெறுகிறவர்களிடத்தும் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியின் பதிவு மேஜையில் "எந்த ஊர்?" என்று கேட்டவுடன் நாங்குநேரி என்றோ ஆத்தூர் என்றோ பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறோம். அங்கே வேண்டுவது, இப்போது குடியிருக்கும் இடமும் அங்கே குடியிருக்கும் காலமுமே. மான்குர்த்தில் இருப்பவர் மான்குர்த் என்று சொல்லி, தெருவின் பெயரையும் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்க வேண்டும்.