பொருள் வரையாத ஒரு சொல்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடல்கடந்த நாடொன்றின் அரசியல் முட்டுப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரித்தானியா விலகிய கதை. ஆங்கிலர் இரு சொற்களை ஒட்டி அதற்குப் ‘பிரெக்சிட்டு’ என்று பெயர் வைத்தனர். நம் செய்தித்தாள்கள் ‘வெளியேற்றம்’ என்று எழுதின. அச்சொல் தானே வெளியேறுதற்கும் பிறரை வெளியேற்றுதற்கும் பொதுவாய் நின்று மயங்க வைக்கும். ஆகலின் யான் ‘வெளியேறுகை’ என்றே ஆள்வேன். இது புலவனின் வீண் ஆராய்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். பொருள் வரையாத ஒரு சொல்லின்மேல் ஒரு நாடே முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சின் கரு.

2016 சூன் 23ஆம் நாள் பிரித்தானிய மக்கள் பொது ஒப்போலை இட்டனர். ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்பதே வினா. வெளியேறுக என்றோர் 1,74,10,742 பேர். இருக்க என்றோர் 1,61,41,241 பேர். விழுக்காட்டில் 51.9க்கு 48.1. மறுநாட் காலையே தலைமையமைச்சர் கேமரூன் பதவி விலகப் போவதாக அறிவித்தார். வினவியவர் விடையைக் கையில் வாங்காமலே வெளியேறினார்!

வெளியேறுகை என்றால் என்ன? ஒன்றியத்தின் பொதுச் சந்தையை விட்டும் போவதா, சந்தையில் மட்டும் நிற்பதா? உல்கு என்னும் சுங்கத்தில் ஒன்றியத்தோடு கூடி நடப்பதா, தனித்து நடப்பதா? உடன்படிக்கையோடு போவதா, ஏதுமின்றியே போவதா? ஒப்போலையில் இவற்றுள் ஒன்றும் எழுதப்படவில்லை. ‘இவ்வூர் வேண்டா’ என்பதில் ஒன்றுபட்டோர், ‘எவ்வூர் செல்வது’ என்பதில் ஒன்றுபடவில்லை. வேண்டாமை ஒன்றாயிருந்தது; வேண்டுகை பலவாயிருந்தது. முட்டுப்பாட்டின் வேர் இதுவே.

அடுத்து வந்த தலைமையமைச்சர் தெரேசா மே, 2017 மார்ச்சு 29இல் விலகல் அறிவிப்பைக் கொடுத்தார். ஈராண்டுக் கெடு ஓடத் தொடங்கியது. வலுப்பெறக் கருதி அவ்வாண்டே தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். பின்னர் ஒன்றியத்தோடு அவர் செய்த உடன்படிக்கையைப் பொதுமக்களவை மும்முறை தள்ளியது. 2019 சனவரி 15இல் சார்பாக 202, எதிராக 432. மார்ச்சு 12இல் 242க்கு 391. மார்ச்சு 29இல் 286க்கு 344.

சரி, இது வேண்டாவெனின் எதுதான் வேண்டும்? அதே மார்ச்சு 27ஆம் நாள் எட்டு வழிகளை உறுப்பினர் முன் வைத்தனர். உடன்படிக்கையின்றியே போவோம் என்றதற்கு 160 பேர் சார்பு, 400 பேர் எதிர்ப்பு. அந்நிலை வருமாயின் விலகல் அறிவிப்பையே திரும்பப் பெறுவோம் என்றதற்கு 184 பேர் சார்பு, 293 பேர் எதிர்ப்பு. எட்டும் வீழ்ந்தன! ஏப்பிரல் முதல் நாள் நான்கு வழிகளை மீண்டும் வைத்தனர். நான்கும் வீழ்ந்தன. சுங்கக் கூட்டு என்னும் வழி மூன்றே ஒப்பில் தோற்றது. போகவும் ஒப்பவில்லை, இருக்கவும் ஒப்பவில்லை, இடைநிற்கவும் ஒப்பவில்லை.

மக்கள் உள்ளம் புழுங்கியது. விலகலைக் கைவிடுக என்னும் வேண்டுகையில் 60 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ‘போ’ என்று சொல்லி மூவாண்டாகியும் போகவில்லையே என மற்றொரு சாரார் கொதித்தனர். மே 23இல் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், தொடங்கிச் சில திங்களே ஆன வெளியேறுகைக் கட்சியை முதலிடத்தில் ஏற்றினர். ஆளுங்கட்சி ஐந்தாமிடத்துக்கு இறங்கிற்று. இரு சாரார் சினமும் நேர்மையான சினமே. கேட்ட வினாவுக்கு மக்கள் விடை சொன்னார்கள். குறை வினாவில் இருந்தது, வினவியவரிடத்தில் இருந்தது.

இனி, நாம் ஊன்றி நோக்கவேண்டிய மற்றொன்று உண்டு. அவ்வரசு ஒரு நாடன்று. நான்கு நாடுகளின் கூட்டு. இங்கிலாந்தும் வேல்சும் வெளியேறுக என்றன. இசுக்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் இருக்க என்றனர். தலையெண்ணிக்கையை ஒன்றாய்க் கூட்டியபோது அவ்விரு நாடுகளின் விடை பெருந்தொகையில் கரைந்து போயிற்று. 2018 மே திங்களில் இசுக்காட்லாந்து நாடாளுமன்றம் விலகற் சட்டத்துக்கு இசைவு மறுத்தது. இலண்டன் அவ்விசைவின்றியே சட்டத்தை நிறைவேற்றியது. இசைவு கேட்பது வழக்கமேயன்றிச் சட்டக் கட்டாயமன்று என்று உச்ச முறைமன்றம் 2017இலேயே தீர்ப்பளித்திருந்தது!

வட அயர்லாந்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அங்கே குருதிப்போர் ஓய்ந்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை காவற்சாவடியின்றித் திறந்து கிடந்தது. வெளியேறினால் அவ்வெல்லை என்னாகும் என்பதே பேச்சுகள் அனைத்திலும் முட்டிய பாறை. ஆனால் முட்டுப்பாட்டுக் காலமாகிய 2017 முதல் 2020 தொடக்கம் வரை அந்நாட்டின் சொந்தப் பேரவை இயங்கவேயில்லை. இலண்டன் அவையில் அதற்குரிய 18 இருக்கைகளுள் ஏழு பேர் கொள்கைப்படி அமர்வதில்லை. வெளியேறுகையை விரும்பிய ஒரு கட்சியின் பத்துப் பேரே மே அரசைத் தாங்கி நின்றனர். இருக்க என்று சொன்ன மண்ணுக்காக, ஏறுக என்று சொன்ன குரலே மிகுதியாய் ஒலித்தது.

முடிவு என்னாயிற்று? மே அம்மையார் விலக, போரிசு சான்சன் வந்தார். அவர் நாடாளுமன்றத்தை அடைத்துவைக்க முயன்றதை 2019 செப்தம்பர் 24இல் உச்ச முறைமன்ற நடுவர் பதினொருவரும் ஒருமுகமாய்ச் செல்லாதென்றனர். திசம்பர்த் தேர்தலில் ‘முடித்துவைப்போம்’ என்றவர் 365 இடம் வென்றார். 2020 சனவரி 31இல் பிரித்தானியா விலகியது. தெளிவு வெல்லவில்லை, தோழர்களே, சலிப்பு வென்றது. எல்லைச் சிக்கலோ நிலத்தினின்று கடலுக்கு நகர்ந்தது. அதனால் எழுந்த பூசலில் வட அயர்லாந்துப் பேரவை 2022 முதல் 2024 வரை மீண்டும் முடங்கிற்று.

இதனின்று பெறும் படிப்பினை யாது? வெளியேறுவது தவறென்றோ இருப்பது நன்றென்றோ யான் கூறவில்லை. அஃது அம்மக்களின் உரிமை. விலகும் உரிமை எம்மக்களுக்கும் உண்டு. ஆனால் ‘வேண்டா’ என்று முழங்குவோர், ‘இதுவே வேண்டும்’ என்பதையும் முன்னரே வரைந்து மக்கள் கையில் தரவேண்டும். பல நாடுகள் கூடிய ஓர் அரசில் ஒவ்வொரு நாட்டின் விடையையும் தனித்தனியே மதிக்கவேண்டும். பெருந்தொகை சிறுதொகையை விழுங்குவதற்குப் பெயர் குடியாட்சி அன்று.

சொல்லின் பொருளைத் தெளிக, பின்னர்ச் சொல்லுக, சொன்னபின் அதன்வழி நிற்க. நாட்டை ஆள்வோர்க்கும், நாட்டுக்காகப் போராடுவோர்க்கும் இஃதொன்றே போதும்.